விளையாட்டாய் வரை, விளையாட்டுக்கு வரையாதே

கண்ணு,

நீ வண்ணம் தொட ஆரம்பித்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அதிலும் அரூப ஓவியம். சக்கரம் வைத்த நிலா, பெயரில்லாத பூச்சிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வட்டங்கள், நடுவே யாரும் எதிர்பார்க்காத ஒரு ரோஸ். மனசுக்கு நிறைவாக இருந்தது. "சும்மா விளையாட்டுக்குத்தான் வரைகிறேன்" என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாயாம். அப்படிச் சொல்லாதே. விளையாட்டு பெரிய காரியம். விளையாடுகிறவன் முழு மனசோடு விளையாடாவிட்டால் ஆட்டமே கலைந்துவிடும். நெடுங்காலம் வரைந்தும், சின்னவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தும், விழுந்த இடத்தில் எழுந்தும் நான் சேர்த்துவைத்த சில சொற்களை உனக்குத் தருகிறேன். இன்றைக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள். மற்றவை அவற்றுக்கான நாளில் உதவும்.

1. எங்கே போகிறோம் என்று தெரியாமலே புறப்படு.

வெள்ளைத் தாளைப் பார்த்துப் பயப்படாதவர் யாருமில்லை. கையை ஓடவிட்டால்தான் பயம் ஓடும். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1921இலிருந்து பத்தாண்டு பாடம் நடத்திய ஓவியர் பால் க்ளே, தன் பாடங்களைச் சுருக்கி 1925இல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதன் முதல் பாடமே, இலக்கு எதுவும் இல்லாமல் காலாற உலாவப் போகும் ஒரு கோடுதான். நீயும் பேனாவை ஓரிடத்தில் ஊன்று. கையை எடுக்காமல் தாள் முழுக்கச் சுற்றி வா. வளைகிற இடத்தில் வளையட்டும், தன்னையே வெட்டிக்கொண்டு போகட்டும். முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார். கோடுகள் அடைத்துக்கொண்ட இடங்களில் ஒரு கொக்கின் கழுத்து தெரியும், ஒரு கெண்டி தெரியும், யாருடையதோ ஒரு மீசை தெரியும். தெரிந்ததற்கு நிறம் கொடு. வழி முழுக்கத் தெரிந்த பிறகுதான் கிளம்புவேன் என்கிறவர் வாசலைத் தாண்டுவதில்லை.

2. குழந்தையிடம் கவனத்தைக் கற்றுக்கொள், கிறுக்கலைக் கடன் வாங்காதே.

இந்த வகை ஓவியத்தைப் பார்த்து "குழந்தை கிறுக்கினதுபோல இருக்கிறது" என்பார்கள். குழந்தை எப்படி வரைகிறது என்று அவர்கள் அருகில் உட்கார்ந்து பார்த்ததில்லை. என் வகுப்பில் ஒரு சிறுமி லாரி வரைந்தாள். மூன்று சக்கரம் கறுப்பு, ஒன்று மட்டும் நீலம். கறுப்பு தீர்ந்துவிட்டதோ என்று புதுக் குப்பியைத் திறந்து கொடுத்தேன். "வேண்டாம், அது பஞ்சர்" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற அளவு குனிந்து, அந்த நீலத்தை வட்டத்துக்கு வெளியே சிந்தாமல் பூசினாள். அவள் உலகத்தில் காரணமில்லாத நிறம் ஒன்றுகூட இல்லை. க்ளே 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது சிறுவயதில் வரைந்த சில படங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் 1912இல் மூனிக்கில் கொண்டுவந்த 'நீலக் குதிரைவீரன்' தொகுப்பில் குழந்தைகளின் படங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அவர்கள் மதித்தது அந்த ஈடுபாட்டை. வேண்டுமென்றே கையைக் கோணலாக்கி வரைந்தால் பொய் உடனே தெரிந்துவிடும். உனக்கு வருகிற கோட்டையே அந்தச் சிறுமியின் அக்கறையோடு போடு.

3. கண்ணுக்கு முன் கைக்குத் தீனி போடு.

கற்பனை தானாக ஊறும் என்று நினைக்காதே. வெறுங்கையால் முழம் போட முடியாது. ஓவியர் ஜோவான் மிரோ 1912இல் பார்சிலோனாவில் பிரான்செஸ்க் காலி என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். வடிவத்தைப் பிடிப்பது மிரோவுக்குக் கஷ்டமாக இருந்தது. காலி அவருடைய கண்ணைக் கட்டிவிட்டு, பொருள்களைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு கை அறிந்ததை வரையச் சொன்னார். நீயும் ஒரு துணிப்பைக்குள் இஞ்சித் துண்டு, பழைய சாவி, ஒரு கிளிஞ்சல், வேப்பங்குச்சி என்று போட்டுவை. பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுத்து, நிதானமாகத் தடவு. இஞ்சியின் முடிச்சுகள் விரலுக்கு மலைத்தொடராகத் தெரியும். அதை வரை. அடுத்த மாதம் நீ ஒரு விசித்திரப் பிராணியை வரையும்போது அதன் முதுகு அந்த இஞ்சியிலிருந்து வந்திருக்கும். உலகத்தை நன்றாகத் தொட்டவர்களுக்குத்தான் இல்லாத உலகத்தைச் செய்ய வரும்.

4. கொஞ்ச நிறத்தோடு நெடுநாள் பழகு.

கடையில் நாற்பத்தெட்டு நிறப் பெட்டி கண்ணைப் பறிக்கும். வாங்காதே. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு வெள்ளை போதும். லெமன் மஞ்சளோடு தாலோ நீலம் ஒரு சொட்டு சேர்த்தால் கிளிப்பச்சை பளிச்சென்று வரும். அதே மஞ்சளோடு அல்ட்ராமரைன் சேர்த்துப் பார், பச்சை அடக்கமாகி வாழையிலைப் பக்கம் போகும். இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, பேலட்டில் உன் கையாலேயே நடப்பதைப் பார்ப்பது வேறு. இன்னொன்றும் செய்து பார். ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றை ஆரஞ்சுத் தாளின் நடுவிலும் மற்றதை நீலத் தாளின் நடுவிலும் வை. ஆரஞ்சுக்குள் இருப்பது நீலம் பாய்ந்ததாகத் தெரியும், நீலத்துக்குள் இருப்பது வெதுவெதுப்பாகத் தெரியும். பௌஹவுஸில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஜோசப் ஆல்பர்ஸ், 1963இல் நிறங்களின் உறவைப் பற்றி எழுதிய புத்தகம் முழுக்க இப்படிப்பட்ட சோதனைகள்தான். ஆகவே எந்த நிறத்தையும் கெட்டது என்று ஒதுக்காதே. அதற்கு நல்ல அண்டை வீட்டைத் தேடிக் கொடு.

5. பிரஷைக் கழுவிவிட்டு எழுந்திரு.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், புதிதாக வருகிறவர்களின் படத்தைப் பார்க்கும் முன் பிரஷைப் பார்ப்பார். மயிரும் தகரமும் சேரும் இடத்தில் விரலால் அழுத்துவார். காய்ந்த வண்ணம் நறநறத்தால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்போது அது கடுமையாகத் தெரிந்தது, காரணம் பிறகுதான் புரிந்தது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் பிளாஸ்டிக். அடிவேரில் ஒருமுறை இறுகிவிட்டால் அந்தப் பிரஷ் மறுபடி கூர்மை கொள்ளாது. மேஜையில் எப்போதும் இரண்டு குவளைத் தண்ணீர் வை, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. என் நிறமெல்லாம் மங்கிப்போகிறதே என்று வருந்துகிறவர்களில் பலருக்கும் காரணம் அழுக்குத் தண்ணீர்தான். சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை விரலால் கூர்மையாக்கி, படுக்கவைத்துக் காயவிடு. வேலை முடிந்த களைப்பில் செய்கிற இந்தச் சின்ன மரியாதைதான் நாளை காலை உன்னை மறுபடி உட்காரவைக்கும். பொம்மையை எடுத்துவைக்கத் தெரியாத பிள்ளைக்கு மறுநாள் விளையாட்டு இல்லை.

6. தற்செயலாக வந்ததை வரவேற்றுக்கொள், பிறகு விசாரி.

வண்ணம் சொட்டும். குவளை சாயும். பூனை நடந்துபோகும். பதறிப்போய்த் துடைக்காதே, கொஞ்ச நேரம் பார். மிரோ 'நட்சத்திரக் கூட்டங்கள்' என்ற வரிசையை வரைந்த காலத்தில், வேலை முடிந்ததும் பிரஷை வெள்ளைத் தாள்களில் துடைப்பார். அந்தக் கறைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உருவங்கள் தோன்றின. அதைத்தான் பலரும் சொல்வார்கள். அதற்குப் பிந்தைய உழைப்பைச் சொல்வதில்லை. 1940 ஜனவரியில் தொடங்கிய அந்த 23 படங்களையும் முடிக்க 1941 செப்டம்பர் ஆயிற்று. ஒரு கண், ஒரு நட்சத்திரம், ஒரு கறுப்பு முக்கோணம் என்று ஒன்றுக்கொன்று பார்த்துப் பார்த்து அமைத்த படங்கள் அவை. கறை கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வீட்டைக் கட்டியது பொறுமை. வந்ததெல்லாம் வரம் என்று எடுத்துக்கொள்கிறவரும், திட்டத்தில் இல்லாததை எல்லாம் அழிக்கிறவரும் ஒரே இடத்தில்தான் தங்கிவிடுகிறார்கள்.

7. கெட்டுப்போன தாளைக் கத்தரியிடம் கொடு.

சரியாக வராத படத்தைக் கசக்கி எறிகிற பழக்கம் வேண்டாம். கசக்கும் கைக்குக் கோபம்தான் பழகும். க்ளே, வரைந்து முடித்த படங்களையே பலமுறை வெட்டி, துண்டுகளைத் தனிப் படங்களாக்கினார். சிலவற்றை இடம் மாற்றி, திருப்பி ஒட்டினார். ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓவியத் தாங்கிக்கு முன் நெடுநேரம் நிற்க முடியாதவரானார். வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். 1947இல் வெளிவந்த அவருடைய 'ஜாஸ்' புத்தகம் அந்தக் கத்தரியின் கொடை. உன் கெட்ட தாள்களை ஒரு பையில் சேர்த்துவை. மழை நாளில் எடுத்து வெட்டு. மொத்தமாகத் தோற்ற படத்துக்குள் உள்ளங்கை அளவு வெற்றி ஒன்று இருக்கும்.

8. சிரிக்கிற படம் துக்கம் தெரியாதவர் வேலை என்று நினைக்காதே.

பளிச்சென்ற நிறமும் குறும்பான உருவமும் சுகவாசிகளின் பொழுதுபோக்கு என்று உனக்குச் சொல்வார்கள். க்ளேயை 1933இல் நாஜிகள் டுசெல்டார்ஃப் கலைக்கழக வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1935இல் தோலை இறுக்கும் நோய் வந்தது. 1937இல் மூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று ஏளனம் செய்ய நடத்திய கண்காட்சியில் அவருடைய படங்களும் தொங்கின. அந்த மனிதர் 1939இல் ஒரே ஆண்டில் 1,200க்கு மேல் வரைந்தார். அவற்றில் பல, தடுமாறுகிற, ஞாபகமறதியுள்ள, குழந்தை முகமுள்ள தேவதைகள். மிரோவும் அந்த நட்சத்திரங்களைத் தொடங்கியது போர்க்காலத்து நார்மண்டியில். ஜெர்மன் படை நெருங்கியபோது குடும்பத்தோடு ஸ்பெயினுக்குக் கிளம்பி, மீதியை அங்கே முடித்தார்.

மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். கறுப்பைத்தான் தொடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ரோஸ் கேட்டார். சமையலறைச் சுவருக்கு அடிக்கச் சொல்லி அந்த அம்மா பலமுறை கேட்டும், இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நிறம் அது. தாள் முழுக்க ரோஸ் வட்டங்களாகப் போட்டுக்கொண்டே போனார். பார்த்தவர்கள் குதூகலமான படம் என்றார்கள். அது உண்மைதான், அதற்குக் கீழே இருந்ததும் உண்மைதான். உன் மகிழ்ச்சியைப் பற்றி யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.

9. நிறுத்தக் கற்றுக்கொள்.

தொடங்குவதைவிட இது கஷ்டம். படம் நன்றாக வந்துகொண்டிருக்கும். இந்த மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று தோன்றும். வைப்பாய். அதற்குத் துணையாக எதிர் மூலையில் ஒன்று கேட்கும். விடியும்போது படம் போயிருக்கும். நானும் பல தாள்களை இப்படித்தான் இழந்தேன். மிரோ 1961இல் மூன்று பெரிய நீலப் படங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய நீலத்தில் சில கறுப்புப் புள்ளிகள், ஒரு சிவப்புக் கீற்று, ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று அவர் நீண்ட நாள் மனத்துக்குள்ளேயே வரைந்துகொண்டிருந்தார். உனக்கு ஒரு வழி சொல்கிறேன். இன்னும் ஒன்று சேர்க்கலாமா என்று கை துறுதுறுக்கும்போது படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார். மூன்று நாள் கழித்துத் திருப்பு. குறை இருந்தால் அதுவே சொல்லும். பேராசை வண்ணத்திலும் உண்டு, கண்ணு.

10. "இது என்ன?" என்று கேட்பவரைத் தாழ்வாக நினைக்காதே.

உன் படத்தின் முன் நின்று யாராவது இப்படிக் கேட்டால் முகம் சுளிக்காதே. கேட்பவர் நின்றிருக்கிறார், பார்த்திருக்கிறார், அதுவே பெரிது. ஒரு கண்காட்சியில் வாசலில் பூ விற்கும் அம்மா உள்ளே வந்து, ஒரு மாணவனின் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த மஞ்ச மட்டும் ஏந்தம்பி தனியா நிக்குது?" என்றார். அன்று முழுக்க வந்துபோன படித்தவர்கள் யாரும் அவ்வளவு சரியாகப் பார்க்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் அந்த மஞ்சளுக்கு ஒரு துணை வைத்தான், படம் நின்றது. விளக்கம் சொல்லிப் படத்தை மூடிவிடாதே. நல்ல தலைப்பு ஒன்று கொடு. க்ளே 1922இல் வரைந்த படம் ஒன்றில், கைப்பிடி வைத்த ஒரு கம்பியில் நான்கு பறவைகள் உட்கார்ந்திருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'கீச்சிடும் இயந்திரம்'. பெயரைக் கேட்டதும் பார்ப்பவர் கை தானாக அந்தப் பிடியைச் சுற்றப் போகும். தலைப்பு அவ்வளவு செய்தால் போதும்.

11. பெரியவர்களிடம் தைரியத்தைக் கற்றுக்கொள், அவர்கள் பொம்மைகளை எடுத்து வராதே.

க்ளேயையும் மிரோவையும் நான் இவ்வளவு சொன்னதால் உன் தாளில் அவர்களுடைய நட்சத்திரங்கள் வந்து குடியேறிவிடக் கூடாது. மிரோவின் நட்சத்திரம் அவருடைய மோன்ட்ரோய்க் கிராமத்து வானத்தில் முளைத்தது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் மேலைநாட்டு நவீன ஓவியத்தை நன்றாக அறிந்தவர். 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை அவர் வரைந்தபோது, ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், படிக்க முடியாத எழுத்து வரிசைகள் எல்லாம் விளையாட வந்தன. எழுத்தை வாசிக்காமல் பார்க்கவைத்தார். 1966இல் அவர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், கலைஞர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, தங்கள் ஓவியத்தை யார் தயவுமின்றிக் காப்பாற்றிக்கொண்டார்கள். உனக்கும் உன் பொம்மைப் பெட்டி ஒன்று இருக்கும். பேருந்துச் சீட்டில் விழுந்த ஓட்டை, தறிப்பட்டறை அட்டை, அப்பத்தா சுருக்குப்பையின் மடிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். ஊர்ப்பெருமைக்காக ஒரு கோபுரத்தைக் கொண்டுவந்து ஒட்டவும் வேண்டாம். உன் கை சிறுவயதில் உண்மையாகவே எதோடு விளையாடியதோ அதைக் கொண்டுவா.

12. யாருக்கும் காட்டாத ஒரு விளையாட்டை வைத்துக்கொள்.

எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் சிவப்புப் பறவை ஒன்று வரைந்தான். நல்ல படம், விற்றுப்போயிற்று. இன்னொன்று கேட்டார்கள், கொடுத்தான். பிறகு அவனுக்குப் பச்சையில் பறவை வரைய ஆசை வந்தபோதெல்லாம் கை சிவப்புக்கே போயிற்று. பணம் வாங்குவது பாவமில்லை, கண்ணு. உழைப்புக்கு விலை உண்டு, தயங்காமல் கேள். ஆனால் அடுத்த படத்தின் நிறத்தைப் போன படத்தின் பாராட்டு முடிவு செய்யக் கூடாது. கைபேசியில் விழுகிற விருப்பக்குறிகளுக்கும் இதே பதில்தான். க்ளே 1916 முதல் 1925 வரை தன் மகன் ஃபெலிக்ஸுக்காக ஏறக்குறைய ஐம்பது கைப்பொம்மைகள் செய்தார். வீட்டில் கிடந்த பழந்துணி, எலும்பு, தீப்பெட்டி, மின்சாக்கெட் எல்லாம் அவற்றில் முகமாகவும் உடையாகவும் ஆயின. ஒரு பையன் சிரிக்கவேண்டும் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு நோக்கமில்லை. நீயும் ஒரு நோட்டை வைத்துக்கொள். அதில் வரைவதை விற்காதே, படம் எடுத்துப் போடாதே. வீட்டுக் குழந்தைக்கு வேண்டுமானால் காட்டு.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இன்று மாலை ஒரு தாள், இரண்டு நிறம், அரை மணி நேரம் போதும். நாளைக்கும் அதே நேரத்தில் உட்கார். கை திறமை பெறுவதற்கு வருடங்கள் ஆகும், ஆகட்டும். அதற்குள் மனசு கடினப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை. திறமை போதாத நல்ல ஓவியர்களை நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டில் பொய் சொல்கிற நல்ல ஓவியரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. முழு மனசோடு விளையாடு, கண்ணு. யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், 'சும்மா' என்று சொல்லாதே. வரைகிறேன் என்று சொல்.